மலையிறக்கத்தில் நியூட்ரல்: மிச்சம் யாருக்கு? செலவு யாருக்கு?

புதுசா வண்டி வாங்கியவரிடம் நம்ம ஊரில் கேட்கும் முதல் கேள்வி என்ன?

"எவ்வளவு கொடுக்குது?"

விலை, கலர் எல்லாம் அப்புறம்தான். மைலேஜ்தான் முதலில்.

வண்டி மைலேஜில் டாக்டருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. நீங்கள் எரிக்கும் ஒவ்வொரு சொட்டும் புகையாக வெளியே வருகிறது. அந்தப் புகை யாரோ ஒருவருடைய நுரையீரலுக்குள் போகிறது. அந்த யாரோ ஒருவர்தான் பிறகு எங்களிடம் இழுப்போடு வருகிறார்.

அதனால் இன்று கொஞ்சம் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசுவோம். குறிப்பாக மலையில் ஓட்டுவதைப் பற்றி. பதிவு நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

சேலத்திலிருந்து ஏற்காடு போக நாம் அதிகம் பயன்படுத்துவது இரண்டு பாதை.

ஒன்று, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பாதை. இதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

இன்னொன்று, அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வந்து, கொட்டச்சேடு வழியாக ஏற்காடு சேர்வது.

கோடை விழா நேரத்தில் கூட்டம் தாங்காமல் ஒருவழிப்பாதை ஆக்குவது உண்டு. ஏறுவது அடிவாரம் வழியாக, இறங்குவது கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக. மழைக்காலத்தில் அடிவாரப் பாதையில் மண் சரிந்தாலும் வண்டிகளை இந்தப் பக்கம் திருப்பி விடுவார்கள்.

அதாவது, ஏற்காட்டுக்கு நாம் டூர் போய்விட்டு வரும்போது நம் இறக்கம் மொத்தத்தையும் வாங்கிக்கொள்வது கொட்டச்சேடும் அந்தப் பாதையோரத்துச் சின்னச் சின்ன ஊர்களும்தான். காப்பித் தோட்ட வேலைக்கு ரோட்டோரமாக நடந்து போகிறவர்கள். பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள். வாசலை ரோட்டுக்கு எதிரே வைத்துக் குடியிருப்பவர்கள்.

இறங்கும்போது நம்மில் பலர் என்ன செய்கிறோம்?

நியூட்ரல்.

சுகர் செக்கப்புக்கு வந்த டிராவல்ஸ் டிரைவர் ஒருவர் பெருமையாகவே சொன்னார். "மேல இருந்து நியூட்ரல்ல விட்டா கீழ வரைக்கும் ஒரு சொட்டு டீசல் போகாது டாக்டர் சார்."

அவர் மட்டும் இல்லை. பைக்கில் போகும் கல்லூரித் தம்பிகள், குடும்பத்தோடு காரில் போகும் அண்ணன்மார்கள், பலருக்கும் இந்த நம்பிக்கை இருக்கிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் இன்ஜினையே ஆஃப் பண்ணிவிட்டு இறங்குகிறார்கள்.

இது உண்மையா? வாங்க பார்ப்போம்.

நியூட்ரலில் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஐடிலிங் என்று சொல்கிறோமே, அது. இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க எரிபொருள் போய்க்கொண்டே இருக்கும். கொஞ்சம்தான், ஆனால் போகும்.

கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்? இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் கம்ப்யூட்டர் அதைக் கவனிக்கிறது. "சக்கரம் சுற்றுகிறது, அதுவே இன்ஜினையும் சுற்றுகிறது, எரிபொருள் தேவையில்லை" என்று முடிவு செய்து இன்ஜெக்டரை மூடிவிடுகிறது. அந்த நேரத்தில் செலவு பூஜ்யம். இன்ஜின் வேகம் ஐடிலிங் அளவுக்கு அருகில் இறங்கினால்தான் மறுபடி திறக்கும். டீசல் வண்டியிலும் இதேதான்.

ஆக, ஒரு சொட்டு கூடப் போகாமல் இறங்குவது கியரில். சொட்டுச் சொட்டாகப் போவது நியூட்ரலில். நம் நம்பிக்கை அப்படியே தலைகீழ்!

அப்புறம் எப்படி இந்த நம்பிக்கை வந்தது? கார்புரேட்டர் காலத்திலிருந்து வந்தது. பெட்ரோலை அப்படி முழுதாக நிறுத்தும் ஏற்பாடு பெரும்பாலான கார்புரேட்டரில் கிடையாது. கியரில் இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், பெட்ரோலையும் கொஞ்சம் இழுக்கும். அப்பா சொன்னது அப்பாவின் வண்டிக்குச் சரியாகவே இருந்திருக்கலாம். வண்டி மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை.

இதில் விவரமானவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "நியூட்ரலில் விட்டால் வண்டி அதிக தூரம் உருளுமே, அது லாபம் இல்லையா?"

நியாயமான கேள்வி. லேசான சரிவுள்ள நேர் ரோட்டில் அது ஓரளவுக்கு உண்மை. ஆனால் மலைப்பாதையில்? உருண்டு சேர்த்த வேகத்தை அடுத்த வளைவில் பிரேக் போட்டுக் கொல்லத்தானே போகிறீர்கள்? அப்புறம் லாபம் எங்கே?

இப்போது பிரேக்குக்கு வருவோம். உயிர் சம்பந்தப்பட்ட இடம் இதுதான்.

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள ஒரு காரை அவ்வளவு உயரம் தூக்கியிருக்கிறீர்கள். இறங்கும்போது அந்தச் சக்தி மொத்தமும் வெளியே போயாக வேண்டும். பள்ளிக்கூட பிசிக்ஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அந்தச் சக்தியை வைத்துச் சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்!

கியரில் இறங்கினால் இன்ஜின் அந்தச் சுமையில் நல்ல பங்கை ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால், காற்றும் டயர் உராய்வும் எடுத்துக்கொள்வது போக மீதி அத்தனையும் பிரேக் தலையில்.

பிரேக் சூடாகும். சூடேறினால் பேடின் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் தன்மை உள்ளது. புது டாட்-3 ஆயில் கொதிக்க 205 டிகிரி வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு 140 டிகிரியே போதும். அது கொதித்தால் பைப்புக்குள் ஆவிக் குமிழ் வரும். பெடலை மிதித்தால் பஞ்சை மிதிப்பது போல உள்ளே போகும், வண்டி நிற்காது.

இன்ஜினை ஆஃப் செய்து இறங்குகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து. பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரும், பவர் ஸ்டீயரிங்கும் இன்ஜின் ஓடினால்தான் முழுசாக வேலை செய்யும். இன்ஜின் நின்றபின் இரண்டு மூன்று முறை மிதித்தாலே பெடல் கல்லாகிவிடும். சாவியை ஒரு சுற்று கூடுதலாகத் திருப்பினால் பல வண்டிகளில் ஸ்டீயரிங்கே லாக் ஆகிவிடும். கொண்டை ஊசி வளைவில் அப்படி ஆனால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கிய தனியார் பஸ் மலைப்பாதையில் கவிழ்ந்து உயிர்கள் போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதற்கு நியூட்ரல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மலை இறக்கத்தில் ஒரு நொடி வேகம் கையை மீறினால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சில ரூபாய் மிச்சம் என்று நினைத்து, மிச்சமே இல்லாத ஒன்றுக்காக, இவ்வளவு பெரிய ஆபத்தா?

சரி, பிரேக் பிடித்தே பத்திரமாக இறங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு முடியவில்லை.

பிரேக் பேட் தேய்கிறதே, அது எங்கே போகிறது? தூளாகிக் காற்றில் போகிறது. இரும்பு, செம்பு போன்ற உலோகத் துகள்கள் அதில் உண்டு. வண்டிப் புகை என்றால் சைலன்சரை மட்டும்தான் பார்க்கிறோம். சக்கரத்திலிருந்தும் வருகிறது. நம் பி.எஸ்.-6 விதிகள் சைலன்சர் வழியாக வருவதற்கும் டேங்கிலிருந்து ஆவியாவதற்கும் வரம்பு வைத்திருக்கின்றன. பிரேக் தூசிக்கு அதில் வரம்பு இல்லை. ஐரோப்பாவிலேயே 2024-ல் நிறைவேறிய யூரோ-7 விதியில்தான் முதன்முதலாக அதற்கு வரம்பு வைத்தார்கள்.

பிரேக் தூசி எங்கே அதிகம் வரும்? இறக்கத்தில்!

நாம் இறங்கும் பாதையில் இருக்கும் ஊர் எது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஏற்றத்தைப் பார்ப்போம்.

ஏறுவதற்குச் செலவு ஆகத்தான் செய்யும், தப்பிக்க முடியாது. மேலே சொன்ன அதே காரை 1,200 மீட்டர் தூக்க மட்டும் சுமார் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் வேண்டும். காற்றைக் கிழிக்கவும் டயர் உருளவும் ஆகும் செலவு தனி. இது மலைக்குக் கட்டும் வரி மாதிரி.

ஆனால் அதற்கு மேல் நாமாக விரும்பிக் கட்டும் அபராதம் ஒன்று இருக்கிறது.

ஒரு வளைவு முடிந்ததும் ஆக்சிலரேட்டரை அமுக்கி 50-க்குப் போவது. அடுத்த வளைவு வந்ததும் பிரேக்கை அழுத்தி 15-க்கு வருவது. மறுபடி 50, மறுபடி 15. இப்படி 20 வளைவு போனால், சேர்த்த வேகத்தை பிரேக்கில் கரைத்த வகையில் மட்டும் கால் லிட்டர் வரை கூடுதலாகப் போகும். போய்ச் சேரும் நேரத்தில் என்ன மிச்சம்? சில நிமிடம். அதுவும் முன்னால் ஒரு லாரி போனால் அதுவும் இல்லை.

ஏற்றத்தில் ஒரு அழகான விஷயம் உண்டு. வளைவுக்குக் கொஞ்சம் முன்னாடியே காலை எடுத்துவிட்டால் மலையே வண்டியை மெதுவாக்கிவிடும். பிரேக் தேவையே இல்லை. உங்கள் வேகம் வீணாகாமல் உயரமாக மாறிவிடுகிறது.

சமதளத்தில் இந்த அடிச்சு ஓட்டுறதுக்கு என்ன விலை? அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி சொல்வது: திடீர் வேகம், திடீர் பிரேக் என்று முரட்டுத்தனமாக ஓட்டினால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம், நின்று நின்று போகும் போக்குவரத்தில் 10 முதல் 40 சதவீதம் வரை மைலேஜ் குறையும். அதே கார், அதே ரோடு, அதே பெட்ரோல். மாறுவது வலது கால் மட்டும்தான்.

நம் நாட்டில் பி.சி.ஆர்.ஏ. என்ற பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு 1978-லிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் அரசு பஸ் டிரைவர்களைக் கேளுங்கள். கே.எம்.பி.எல். என்ற சொல் தெரியாதவர் கிடையாது. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு அவர்கள் வேலையின் ஒரு பகுதி. கூட்டம் நிரம்பிய பஸ்ஸைக் குலுங்காமல் எடுக்கும் அனுபவசாலி டிரைவரை அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். சிக்கனம் என்பது என்ன என்று புரியும்.

இனி என் துறைக்கு வருகிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. டீசல் என்றால் சுமார் 2.6 கிலோ. முக்கால் கிலோ பெட்ரோலிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் எப்படி என்று யோசிக்காதீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதோடு சேர்ந்துகொள்கிறது, அந்த எடைதான்.

ஒரு கணக்குக்கு, ஒரு விடுமுறை நாளில் 1,000 கார் ஏறி இறங்குகிறது, ஒவ்வொன்றும் நிதானமாக ஓட்டி ஒரு லிட்டர் மிச்சப்படுத்துகிறது என்று வையுங்கள். அன்றைக்கு மட்டும் 1,000 லிட்டர் மிச்சம். 2.3 டன் கார்பன் டை ஆக்சைடு அந்த மலையில் கலக்காது.

ஆனால் கார்பன் டை ஆக்சைடு உலகத்தைச் சூடாக்கும் சமாச்சாரம். ரோட்டோரத்தில் நிற்பவரை உடனே தாக்குவது வேறு.

ஆக்சிலரேட்டரைத் திடீரென்று முழுசாக அமுக்கினால் பல பெட்ரோல் இன்ஜின்கள் காற்றின் அளவுக்குத் தேவையானதை விட அதிகம் பெட்ரோலைத் தெளிக்கும். அது முழுசாக எரியாது. கார்பன் மோனாக்சைடு கூடும். நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும்.

பழைய டீசல் வண்டியில் இது கண்ணுக்கே தெரியும். ஏற்றத்தில் ஒரு மிதி மிதித்ததும் பின்னாடி கரும்புகை. அது கரித்துகள். அதில் மிக நுண்ணியவை, பி.எம். 2.5 என்று செய்தியில் படிக்கிறோமே அவை, நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ 25-ல் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கு வடிகட்டாது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அவற்றிலும் நுண்ணியவை ரத்தத்துக்குள்ளேயே போய்விடும். ஆஸ்துமா இருக்கும் குழந்தைக்கு இழுப்பு, சி.ஓ.பி.டி. இருக்கும் பெரியவருக்கு மூச்சுத்திணறல், இதய நோயாளிக்கு மாரடைப்பு அபாயம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்" முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு. இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று இதற்கு அர்த்தமில்லை. புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான சான்று அந்த அளவுக்கு உறுதியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மலைக்காற்று சுத்தம் என்று நாம் ஆசையாகப் போகிறோம். போகும் வழியில் குடியிருப்பவருக்கு நாம் விட்டுவிட்டு வருவது இதைத்தான். அவர் டூர் போகவில்லை. உங்கள் காரில் அவர் ஏறவும் இல்லை. ஆனால் உங்கள் பயணத்தின் ஒரு பங்கு செலவு அவர் மார்புக்குள் போகிறது. எனக்கு இதில்தான் வருத்தம்.

"என் வண்டி பி.எஸ்.-6 டாக்டர், புகையே வராது" என்பீர்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.-லிருந்து 10 ஆகக் குறைந்தது. மறுக்கவில்லை. ஆனால் லேபில் ஓடும் வண்டியும் ரோட்டில் ஓடும் வண்டியும் ஒன்றில்லை என்பதை 2015-ல் ஃபோக்ஸ்வேகன் விவகாரம் உலகத்துக்கே காட்டியது. அதனால்தான் 2023 ஏப்ரல் முதல் நம் நாட்டிலும் வண்டிகளை நிஜ ரோட்டில் ஓட்டிப் பரிசோதிக்கும் முறை வந்திருக்கிறது. நிஜ ரோட்டில் வண்டியை ஓட்டுவது நீங்கள். ஸ்டிக்கர் அல்ல.

"டாக்டர், பழைய லாரியை விட்டுட்டு எங்களைச் சொல்றீங்களே?"

பழைய வண்டிகளைச் சரிசெய்வது, ஏற்காட்டுக்கு நல்ல பஸ் வசதி கூட்டுவது, இதெல்லாம் அரசு செய்ய வேண்டியதுதான். 40 பேர் ஒரு பஸ்ஸில் போவதற்கு ஈடாக எந்த நல்ல டிரைவிங்கும் ஆகாது. ஆனால் அதெல்லாம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத, காசு செலவே இல்லாத ஒரு மருந்து உங்கள் காலடியில் இருக்கிறது. அதை ஏன் எடுக்காமல் இருக்க வேண்டும்?

இன்னொரு லாபமும் சொல்கிறேன். வண்டியில் குழந்தைகள் வாந்தி எடுக்கிறார்களா? காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது, செல்போன் பார்க்கும் கண் "அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இந்தக் குழப்பம்தான் வாந்தி. முடுக்குவதும் பிரேக் போடுவதும் குறைந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே குறையும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் அதே கால்தான் பிள்ளையின் வயிற்றையும் காப்பாற்றும்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

1. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நம் பழைய டிரைவர்கள் சொன்ன பாடம், இன்றைக்கும் சரி. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் டி-யிலேயே விட்டுவிடாமல் எல், 2 அல்லது மேனுவல் மோடு போடுங்கள்.

2. நியூட்ரல் வேண்டாம். இன்ஜின் ஆஃப் வேண்டவே வேண்டாம்.

3. பிரேக்கைத் தொடர்ந்து அமுக்கிக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் தேவையான அளவு பிடித்து, விட்டுவிடுங்கள். பிரேக் ஆயிலைக் கம்பெனி சொன்ன காலத்தில் மாற்றுங்கள்.

4. குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். விதியும் அதுதான், இறங்குபவர்தான் ஒதுங்க வேண்டும். ஏற்றத்தில் நின்றுபோன வண்டியை மறுபடி எடுக்க எவ்வளவு எரிபொருள் போகும் என்று யோசித்தால் காரணமும் புரியும்.

5. வியூ பாயிண்ட்டில், டீக்கடையில் நின்றால் இன்ஜினை நிறுத்துங்கள். ஏசி போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உறுமவிடாதீர்கள். வெளியே காற்று ஏசியை விட நன்றாக இருக்கிறது, அதற்குத்தானே வந்தீர்கள்?

6. குளிர்ந்த காலையில் வண்டியை நின்ற இடத்திலேயே சூடாக்க வேண்டாம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நன்கு சூடானால்தான் வேலை செய்யும். ஐடிலிங்கில் அது மெதுவாகத்தான் சூடாகும். கிளப்பி, முதல் சில கிலோமீட்டர் மென்மையாக ஓட்டுங்கள்.

7. டயர் காற்றைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கடைசியாக, டிராவல்ஸ் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், வாடகைக்கு வண்டி எடுக்கும் குடும்பங்களுக்கும் ஒன்று.

அந்த டிரைவர் நியூட்ரல் போடுவது சோம்பேறித்தனத்தால் இல்லை. ட்ரிப்புக்கு இவ்வளவுதான் டீசல் என்று கணக்குக் கட்டிக் கொடுத்தால், அதற்கு மேல் போனால் அவர் சம்பளத்தில் பிடித்தால், அவர் நியூட்ரல்தான் போடுவார். பின்சீட்டிலிருந்து "இருட்டறதுக்குள்ள சேலம் போயிடணும், கொஞ்சம் சீக்கிரம் போங்க" என்று பத்து தடவை சொன்னால் அவர் அடித்துத்தான் ஓட்டுவார். அவருக்குக் கியரில் இறங்கினால் டீசல் போகாது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். மலைப் பயணத்துக்கு டீசல் கணக்கில் கையைக் கட்டாதீர்கள்.

அந்த டிரைவரிடம் நான் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சார், இதை எங்க ஓனர்கிட்டயும் சொல்லுவீங்களா?"

அதற்காகத்தான் இந்தப் பதிவு. உங்களுக்குத் தெரிந்த ஓனர் யாராவது இருந்தால் அனுப்பி வையுங்கள்.

ஏற்காடு போய் வாருங்கள், நன்றாகச் சுற்றிப் பாருங்கள். இறங்கும்போது கொட்டச்சேட்டில் ரோட்டோரம் ஒரு பள்ளிப் பிள்ளை நின்றால், கியரில், மெதுவாகக் கடந்து போங்கள்.